ஏழில் ஒரு பங்கு: கண்டி இராச்சியத்தின் வெடிமருந்தும் நம் கரையோர முன்னோரும்



கொஞ்சம் நீண்ட பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். முடிந்தால் வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கண்டி மன்னர்களுக்கும் நம் பகுதி முஸ்லிம்களுக்கும் இருந்த உறவைப் பற்றி யாராவது கேட்டால் நாம் வழமையாக இரண்டு விடயங்களைச் சொல்வோம். ஒன்று, 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது செனரத் மன்னன் அவர்களில் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றிய செய்தி. இதை எழுதி வைத்தவர் போர்த்துக்கேயப் பாதிரியாரான குவேறோஸ். மற்றது, எதிரிகளுக்குத் தப்பி ஓடிவந்த மன்னனை மரப்பொந்தில் ஒளித்து வைத்துத் தன் உயிரைக் கொடுத்த பங்கரகம்மன முஸ்லிம் பெண்ணின் வாய்வழிக் கதை.

இரண்டும் நமக்குப் பெருமையானவைதான். ஆனால் முதலாவதில் நாம் அடைக்கலம் பெற்றவர்கள். இரண்டாவதில் ஒரு நாள் ஒருவரைக் காப்பாற்றியவர்கள். இந்த நாட்டின் அன்றாட வேலையில், அதன் பாதுகாப்பில், நம் முன்னோருக்குப் பங்கு இருந்ததா என்று பிள்ளைகள் கேட்டால் இந்த இரண்டு கதைகளும் போதாது. அதற்காகத்தான் இன்று வெடிமருந்தைப் பற்றி எழுதுகிறோம்.

முதலில் சொல்லைப் பாருங்கள். நாம் 'வெடிமருந்து' என்கிறோம். சிங்களத்தில் 'வெடி பெஹெத்'. பெஹெத் என்றாலும் மருந்துதான். நாம் 'வெடியுப்பு' என்பதை அவர்கள் 'வெடி லுணு' என்கிறார்கள். லுணு என்றால் உப்பு. இரண்டு மொழிக்காரரும் ஒரே பொருளை ஒரே விதமாகப் பெயரிட்டிருக்கிறார்கள். சீனாவில்தான் இந்தப் பொருள் முதலில் செய்யப்பட்டது. அவர்கள் மொழியிலும் அதன் பெயர் 'நெருப்பு மருந்து'தான். 13ஆம் நூற்றாண்டில் அந்தலூசியாவின் மூலிகை அறிஞர் இப்னுல் பைதார் வெடியுப்பைச் 'சீனத்துப் பனி' என்று குறித்தார். அதே நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஹசன் அர்-ரம்மாஹ், மரச் சாம்பலைக் கொண்டு வெடியுப்பைச் சுத்தம் செய்யும் முறையை எழுதி வைத்தார். அந்தச் சாம்பலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் நம் நாட்டு மலைக்குள்ளேயே அதைப் பார்க்கப் போகிறோம்.

வெடிமருந்துக்கு மூன்று பொருட்கள் வேண்டும்: வெடியுப்பு, கரி, கந்தகம். கண்டி இராச்சியத்தில் அது எப்படிச் செய்யப்பட்டது என்பதை நேரில் பார்த்து எழுதியவர் ஜோன் டேவி என்ற ஆங்கிலேய இராணுவ வைத்தியர். சுரங்கத் தொழிலாளருக்குப் பாதுகாப்பு விளக்குச் செய்து கொடுத்த விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் தம்பி. 1816 முதல் 1820 வரை இங்கே இருந்தார். 1821இல் வெளிவந்த அவரது நூலில் மலைநாட்டின் வெடியுப்புக் குகைகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். தும்பறைப் பகுதியில் மீமுரேக்குப் பக்கத்தில் இருந்த குகை அவற்றில் ஒன்று.

வௌவால் தங்கும் இப்படியான குகைகளின் மண்ணிலும் கல்லிலும் வெடியுப்புச் சத்துப் படிந்திருக்கும். கிராமத்தவர்கள் அதைச் சுரண்டி, இடித்துத் தூளாக்கி, மரச் சாம்பலோடு கலந்து, தண்ணீர் ஊற்றி வடித்து, வடிந்த நீரைச் சட்டிகளில் காய்ச்சி ஆறவிட்டால் வெடியுப்புப் பளிங்காகப் படியும். சாம்பல் எதற்கு? சாதாரண தர விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு இது விளங்கும். குகை மண்ணில் கூடுதலாக இருப்பது கல்சியம் நைத்திரேற்று. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கசிந்து போகும், மருந்துக்கு உதவாது. சாம்பலிலுள்ள பொற்றாசியம் காபனேற்று அதோடு சேரும்போது கல்சியம் காபனேற்று அடியில் தங்கிவிடும். பொற்றாசியம் நைத்திரேற்று நீரோடு வரும். அதுதான் வெடியுப்பு. இரசாயனச் சமன்பாடு தெரியாத காலத்திலேயே சிரியாவின் அறிஞருக்கும் மீமுரேக் கிராமத்தவருக்கும் சாம்பலின் வேலை தெரிந்திருந்தது.

இதை ஏதோ காட்டு வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1775இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரித்தானியாவுக்கு எதிராகப் போருக்கு எழுந்தபோது, ஜோர்ஜ் வாஷிங்டனின் படையிடம் வெடிமருந்து மிகவும் குறைவாக இருந்தது. அவர்களுடைய காங்கிரஸ் சபை வெடியுப்பு எடுக்கும் முறைகளைத் தொகுத்து அச்சிட்டு மக்களுக்குக் கொடுத்தது. தொழுவத்து மண்ணைச் சுரண்டுங்கள், சாம்பலோடு வடித்துக் காய்ச்சுங்கள் என்றுதான் அதிலும் இருந்தது. பிரித்தானியாவுக்கு அந்தக் கவலை இல்லை. வங்காளத்தையும் பீகாரையும் கையில் வைத்திருந்த கிழக்கிந்தியக் கம்பனி கப்பல் கப்பலாக வெடியுப்பை இலண்டனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஆக, பேரரசோடு மோத நினைத்த எந்தச் சிறிய நாட்டுக்கும் முதல் கேள்வி இதுதான்: மருந்துக்கு எங்கே போவது? அமெரிக்கர் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு வெகு காலம் முன்பே கண்டி அதற்கு விடை கண்டிருந்தது.

டேவி எழுதிய கண்டி மருந்தின் அளவு இது: வெடியுப்பு ஐந்து பங்கு, கரி ஒரு பங்கு, கந்தகம் ஒரு பங்கு. நம் உம்மம்மாக்கள் நெல் குற்றியது போன்ற உரலில் இடித்தோ தட்டைக் கற்களுக்கு இடையில் அரைத்தோதான் அதைச் செய்தார்கள். நனைப்பதற்கு மெல்லிய சுண்ணாம்பு நீரும் காட்டுக் கிழங்கின் காறல் சாறும். பிறகு வெயிலில் காய வைத்தார்கள்.

இனி நம் கதைக்கு வருவோம். வெடியுப்பு மலைக் குகையில் கிடைத்தது. கரி காட்டில் கிடைத்தது. கந்தகம்? நம் தீவில் எரிமலை இல்லை. கந்தகம் தோண்டி எடுக்கும் இடமும் இல்லை. சுமாத்திரா போன்ற எரிமலை நாடுகளிலிருந்து இந்து சமுத்திரக் கப்பல்களில் வந்து, ஏதோவொரு கரையில் இறங்கி, அங்கிருந்து மலைக்கு ஏறியாக வேண்டும். மொத்தம் ஏழு பங்கில் ஒரு பங்கு. நூறு இறாத்தல் மருந்துக்குப் பதினான்கு இறாத்தல் கந்தகம். அந்தப் பதினான்கு இறாத்தல் கடலைத் தாண்டி வராவிட்டால் மற்ற எண்பத்தாறு இறாத்தலும் மருந்தாகாது.

கரையிலிருந்து மலைக்குச் சாமான் ஏற்றியவர்கள் யார்? பெருந்தெருக்களும் கரத்தைகளும் வருவதற்கு முந்திய காலம் அது. பொதிமாடுகளின் முதுகில் இரண்டு பக்கமும் மூட்டை கட்டி, வரிசையாகக் காட்டுப் பாதையில் ஓட்டிப் போவதற்குத் 'தவளம்' என்று பெயர். உப்பு, கருவாடு, புடைவை எல்லாம் மேலே போகும். பாக்கு முதலான மலைநாட்டுச் சரக்குகள் கீழே வரும். கண்டி மன்னர்கள் இந்தப் போக்குவரத்துக்கென்றே 'மடிகே' என்ற திணைக்களத்தை வைத்திருந்தார்கள். அதில் பெரும்பாலும் முஸ்லிம்களே கடமை செய்தார்கள். சிங்களக் குடிகள் இராஜகாரியமாக வயலிலும் படையிலும் உழைத்தது போல, முஸ்லிம்களின் இராஜகாரியம் மாடும் மூட்டையும் பாதையும். பேராசிரியை லோர்னா தேவராஜா இலங்கை முஸ்லிம்களைப் பற்றி 1994இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

கடலிலிருந்து வர வேண்டிய பொருள் ஒன்று. கடலையும் மலையையும் இணைத்த மக்கள் கூட்டம் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் முன்னோரின் இடம் தெரிகிறது. வெடிமருந்தைச் செய்தவர்கள் நாங்கள்தான் என்று மார்தட்டுவது நியாயமில்லை. குகையில் புழுதி குடித்து உழைத்தவர்கள் மலைநாட்டுச் சிங்களக் கிராமத்தவர்கள். அந்தப் பெருமை அவர்களுக்குரியது. நம் பங்கு பாதை. ஏழில் ஒன்று வந்து சேர்ந்த பாதை.

கந்தகம் படைக்கு மட்டும் தேவைப்பட்ட பொருளும் அல்ல. சொறி சிரங்குக்குக் கந்தகம் கலந்த எண்ணெய் போட்ட காலம் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். யூனானியிலும் சித்த வைத்தியத்திலும் அது முக்கியமான சரக்கு. கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் அரண்மனையில் வைத்தியம் பார்த்த கோபால முதலியார் ஒரு முஸ்லிம். ஒரே மூட்டைக் கந்தகம் வைத்தியரின் பெட்டிக்கும் போகலாம், படைவீட்டுக்கும் போகலாம். இரண்டு இடத்திலும் அதன் பெயர் மருந்து.

இந்தப் பாதை எவ்வளவு பெறுமதியானது என்பதை நம்மைவிட எதிரிகள் நன்றாக விளங்கிக்கொண்டார்கள். செனரத் மன்னன் முஸ்லிம்களைக் குடியேற்றி இரண்டே வருடத்தில், 1628இல், போர்த்துக்கேயர் மட்டக்களப்பில் கோட்டை கட்டினார்கள். கண்டியின் கிழக்கு வாசலை அடைப்பதே நோக்கம். 1630இல் ஊவாவின் ரந்தெனிவெலவில் பெய்த மழையில் அவர்களுடைய துப்பாக்கித் திரியும் மருந்தும் நனைந்தன. தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா படையோடு அழிந்தார். 1638இல் இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரோடு சேர்ந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தான். அந்த ஒல்லாந்தருக்கு மருந்துக் கவலை கிடையாது. சோழமண்டலக் கரையில் பழவேற்காட்டுக் கோட்டையில் அவர்கள் சொந்தமாகவே வெடிமருந்து ஆலை நடத்தினார்கள்.

உதவிக்கு வந்த ஒல்லாந்தர் பிறகு தாங்களே கரையில் உட்கார்ந்துகொண்டது வேறு கதை. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு தீவின் கரையோரம் முழுவதும் அவர்கள் கைக்குப் போயிற்று. அதன் பிறகு கண்டிக்குச் சொந்தமாக ஒரு துறைமுகமும் இல்லை. உப்புக்கும் கருவாட்டுக்கும் கந்தகத்துக்கும் அந்நியனின் காவலைத் தாண்ட வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் 1803இல் கண்டிக்குள் நுழைந்த ஆங்கிலப் படை அழிக்கப்பட்டது. அடுத்த வருடம் செப்டெம்பரில் கப்டன் ஜோன்ஸ்டன் சுமார் முந்நூறு பேரோடு நம் மட்டக்களப்பிலிருந்துதான் கண்டிக்குப் புறப்பட்டார். நகரத்தை அடைந்தார். ஆனால் அங்கே நிற்க முடியவில்லை. வழியெல்லாம் அடிபட்டுத் திருகோணமலைக்குத் திரும்பினார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கடல் அடைக்கப்பட்டுக் கொண்டே வந்த ஒரு நாடு அப்போதும் சுட்டுக்கொண்டிருந்தது.

1815இல் கண்டி வீழ்ந்தது. 1817இல் ஆங்கிலேயர் வெல்லஸ்ஸவின் முஸ்லிம்களை அங்கிருந்த சிங்களத் தலைவரின் அதிகாரத்திலிருந்து பிரித்து, ஹாஜி மரிக்காரை மடிகே முகாந்திரமாக நியமித்தார்கள். அது ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியின் காரணங்களில் ஒன்றாயிற்று. பதுளையிலிருந்து போன அதிகாரி வில்சனும் கொல்லப்பட்டார். ஹாஜி மரிக்காரும் கிளர்ச்சியாளர் கையில் உயிரிழந்தார். இதையும் நாம் மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இரு நூற்றாண்டுகள் மன்னனின் ஏற்பாட்டுக்குள் ஒன்றாக உழைத்த இரண்டு சமூகங்களை ஒரே நியமனக் கடிதத்தால் எதிரெதிரே நிறுத்த முடிந்தது. பாதையை யார் வைத்திருக்கிறார்களோ அவர்களைத் தன் பக்கம் இழுத்தால் போதும் என்பது வெள்ளைக்காரனுக்குத் தெரிந்திருந்தது.

இதையெல்லாம் எழுதுவது வெடிமருந்தைப் புகழ்வதற்கல்ல. அது என்ன செய்யும் என்பதை யாரும் நமக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்களை நாம் இழந்தோம். இந்தக் கரையில் தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று எந்த வீட்டையும் அது விட்டு வைக்கவில்லை. நாம் எழுதுவது வேறு ஒரு காரணத்துக்காக. 'நீங்கள் நேற்று வந்தவர்கள், யாவாரம் செய்ய வந்தவர்கள்' என்று யாராவது சொல்லும்போது நம் பிள்ளைகள் கோபப்படுகிறார்கள், அல்லது தலையைக் குனிகிறார்கள். இரண்டும் வேண்டாம். யாவாரம் செய்தோம், உண்மைதான். அந்த யாவாரத்தின் மூட்டைகளில்தான் ஒரு நாடு உப்புத் தின்றது, மருந்து பூசியது, தன்னைக் காத்துக்கொண்டது. குகைக்காரன் இல்லாமல் மாட்டுக்காரனுக்கு வேலை இல்லை. மாட்டுக்காரன் வராவிட்டால் குகைக்காரனின் உப்பு வெறும் உப்பு. இதை அமைதியாகச் சொல்லத் தெரிந்தால் போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, இறக்காமம், நிந்தவூர்ப் பக்கங்களில் எண்பது வயது தாண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் மூன்று விடயங்களைக் கேளுங்கள். உங்கள் மூத்தவாப்பாவின் காலத்தில் யாராவது பொதிமாடு ஓட்டினார்களா? எந்த வழியால் போய் எங்கே தங்கினார்கள்? போகும்போது என்ன கொண்டுபோய், வரும்போது என்ன கொண்டு வந்தார்கள்? சொன்னவரின் பெயர், குடி, வயது, கேட்ட திகதி எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வையுங்கள். கைபேசியில் குரலைப் பதிவு செய்தாலும் நல்லது. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் தங்கள் கணக்கை ஏடு ஏடாக எழுதி வைத்தார்கள். நம் கணக்கு இன்னும் நம் பெரியவர்களின் வாயில்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஜனாஸாவோடும் அதில் ஒரு பக்கம் மண்ணுக்குள் போகிறது.

வஸ்ஸலாம்.