அறுத்துப் பார்த்தவர்கள்

2020 மார்ச்சில் கொரோனாவால் இறந்தவர்களின் உடலைத் திறக்காமல் இருப்பதே நல்லது என்று ஜெர்மனியின் ராபர்ட் கோக் நிறுவனம் சொன்னது. நம் மத்திய சுகாதார அமைச்சகம் அதே மாதம் 15ஆம் தேதி விட்ட வழிகாட்டுதலிலும் பிரேதப் பரிசோதனையைத் தவிர்க்கும்படி ஒரு வரி இருந்தது. தொற்று பயம், குறை சொல்ல முடியாது. ஆனால் ஹாம்பர்க்கில் சட்ட மருத்துவப் பேராசிரியர் கிளாவுஸ் பியூஷெலும் அவர் குழுவும் நகர நிர்வாகத்தின் உத்தரவோடு கத்தியை எடுத்துவிட்டார்கள். முதல் பன்னிரண்டு உடல்களில் ஏழின் ஆழ்சிரைகளில் ரத்தக்கட்டி இருந்தது. உயிரோடு இருந்தபோது அந்த ஏழு பேரில் ஒருவருக்கும் யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை. நான்கு பேர் செத்ததே அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்ததால்தான்.

செய்தியைப் படித்தபோது எனக்கு ஆச்சரியத்தைவிடப் பெருமைதான் அதிகம். வேலைக்காலம் முழுவதும் ஃபார்மலின் நெடியில் நின்று நோய்க்குறியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். வீட்டு விசேஷங்களில், "டாக்டர்னு சொல்றீங்க, எந்த வார்டு?" என்று கேட்பவர்களிடம் பதில் சொல்லி அலுத்தவள்.

அதே வசந்தத்தில் மூளையைப் பற்றியும் தகவல்கள் வந்தன. வூஹானில் 214 நோயாளிகளை ஆராய்ந்தவர்கள், நோய் முற்றியவர்களில் 5.7 சதவீதம் பேருக்கு மூளை ரத்தக்குழாய்க் கோளாறு என்று எழுதினார்கள். நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனைகளுக்கு இரண்டே வாரத்தில், மூளையின் பெரிய தமனி அடைத்து, ஐம்பது வயதுக்குக் கீழே ஐந்து பேர் வந்தார்கள். இளையவருக்கு வயது 33. அதற்கு முந்தைய ஆண்டில் அந்த வயதில் இரண்டு வாரத்துக்கு ஒருவர்கூடச் சராசரியாக வந்ததில்லை. நியூயார்க்கின் வேறு இரண்டு மருத்துவமனைகள் கணக்குப் போட்டுப் பார்த்தன: கொரோனாவோடு வந்தவர்களில் 1.6 சதவீதம் பேருக்குப் பக்கவாதம், இன்ஃப்ளுயன்சாவோடு வந்தவர்களில் 0.2 சதவீதம். நுரையீரல் நோய்க்கும் இழுத்துக்கொண்ட கை காலுக்கும் என்ன சம்பந்தம் என்று எல்லோரும் கேட்டார்கள்.

இந்தக் கேள்விக்கான விடையைத் தேட முன்னூற்று அறுபது ஆண்டு பின்னால் போக வேண்டும். ஸ்விட்சர்லாந்தில் ரைன் ஆற்றங்கரையில் ஷாஃப்ஹவுசன் என்று ஓர் ஊர். யோஹான் யாக்கோப் வெப்ஃபர் அங்கே நகர மருத்துவர். திடீரென்று விழுந்து கிடப்பவனுக்கு மூளையின் அறைகளைக் கபமோ கரும்பித்தமோ அடைத்துக்கொண்டது என்பதுதான் பழைய கிரேக்க மருத்துவர் காலனின் காலத்திலிருந்து எல்லோரும் ஒப்பித்துவந்த பாடம். வெப்ஃபர் அப்படி விழுந்து செத்தவர்களின் மண்டையைத் திறந்தார். கபம் இல்லை, ரத்தம் கொட்டிக் கிடந்தது. கழுத்துத் தமனியைத் தொட்டுக்கொண்டே மண்டைக்குள் போய், அது எங்கே பிரிகிறது, எதற்கு ரத்தம் கொடுக்கிறது என்று கிளை கிளையாகத் தொடர்ந்தார். குழாய் உடைந்தாலும் ஆபத்து, அடைத்தாலும் ஆபத்து என்ற எண்ணம் அங்கிருந்துதான் வருகிறது. 1658இல் அதைப் புத்தகமாகப் போட்டார். அதிலிருந்தவை நான்கே நான்கு உடல்கள். இன்றைக்கு எந்த ஆய்விதழும் நான்கை வைத்துக்கொண்டு வருகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்பும். 1695இல் வெப்ஃபர் இறந்ததும் அவர் உடலையும் திறந்தார்கள். மகாதமனி சுண்ணாம்பேறிக் கெட்டித்துப் போயிருந்தது.

அப்படி அடைக்கும் ரத்தக்கட்டி எப்படி உண்டாகிறது என்பதைச் சொல்ல பெர்லினில் ஓர் இளைஞர் வர வேண்டியிருந்தது. 1846இல் ஷரிட்டே மருத்துவமனைப் பிணவறையின் பொறுப்பு ருடால்ஃப் ஃபிர்ஷோவிடம் வந்தது. வயது இருபத்தைந்துகூட ஆகவில்லை. சிரை அழற்சிதான் எல்லா நோய்க்கும் மூலம் என்று பாரிஸில் நோய்க்குறியியல் பேராசிரியர் குருவேலியே அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. நுரையீரலில் காணும் கட்டி அங்கேயே உண்டானதல்ல, காலிலிருந்து பயணம் போனது என்றார் ஃபிர்ஷோ. நாய்களின் கழுத்துச் சிரையில் ரப்பர் துண்டுகளை விட்டு, பிறகு நுரையீரலில் தேடி எடுத்துக் காட்டினார். திராம்போசிஸ், எம்போலிசம் என்று மருத்துவ மாணவர்கள் இன்றும் சொல்லும் இரண்டு சொற்களும் அவர் கொடுத்தவை. 1848இல் பிரஷ்யாவின் மேல் சைலீசியாவில் டைஃபஸ் பரவியபோது அரசு அவரைப் பார்த்துவர அனுப்பியது. நோய்க்குக் காரணம் வறுமையும் அரசும்தான் என்று எழுதிக் கொடுத்தார். மறுவருஷமே பெர்லினில் வேலை போயிற்று. உடலைத் திறந்து பார்த்த பழக்கம் அரசாங்கத்தையும் திறந்து பார்க்க வைத்தது என்று வகுப்பில் சொல்வேன். மாணவர்கள் சிரிப்பார்கள், தேர்வில் எழுத மாட்டார்கள்.

ரத்தம் உறைய மூன்று வழி என்று பாடப்புத்தகம் அவர் பெயரில் சொல்கிறது: ஓட்டம் தேங்குவது, குழாயின் உள்சுவர் புண்படுவது, ரத்தமே உறையும் குணத்துக்கு மாறுவது. மூன்றையும் இப்படி ஒரே மாலையில் கோத்தவர்கள் பின்னால் வந்தவர்கள்தான்.

பாடப்புத்தகத்தில் இல்லாததை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பிணவறை உதவியாளர். மண்டையை ரம்பத்தால் சுற்றி அறுத்து, மூளை கிழியாமல் எடுத்து என் கையில் வைப்பவர் அவர்தான். "டாக்டரம்மா, இது வழுக்கிட்டு வருது, செத்த பொறவு உறைஞ்சது. அது பாருங்க, சுவத்தைப் புடிச்சிக்கிட்டு இருக்கு" என்பார். நிஜமான கட்டி வறண்டு, சொரசொரப்பாக, குழாயின் சுவரில் ஒட்டியிருக்கும். ஸ்லைடில் வைத்தால் வெளுத்தும் சிவந்தும் வரி வரியாக ட்சான் கோடுகள் தெரியும். எடுத்த மூளையை அப்படியே ஃபார்மலினில் போட்டால் அடியில் பட்டுத் தட்டையாகிவிடும் என்பதால், அடித்தமனிக்குக் கீழே நூலைக் கொடுத்துத் தலைகீழாகத் தொங்கவிடுவோம். இரண்டு வாரம் கழித்து நீளக் கத்தியால் ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். ரத்தம் போகாமல் செத்த பகுதி, கண்ணுக்குத் தெரியும் முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும், கொழகொழவென்று இளகியிருக்கும். ஆய்விதழ்களில் எங்கள் பெயர் அச்சாகும். அவர் பெயரை எந்தக் கட்டுரையிலும் போட்டதில்லை. ஹாம்பர்க்கிலும் ரம்பம் பிடித்தவர்கள் இருந்திருப்பார்கள்.

தொற்று மூளைக் குழாயைக் கெடுக்கும் என்பதும் புதிதல்ல. சிபிலிஸ் மூளைத் தமனிகளின் உள்சுவரைத் தடிக்க வைத்து அடைப்பதை 1874இலேயே ஜெர்மன் மருத்துவர் ஹொய்ப்னர் எழுதிவிட்டார். காசநோய் மூளைக்காய்ச்சலில் அடித்தள தமனிகள் அடைபடுவதைத் தமிழ்நாட்டில் பார்க்காத நரம்பியல் வார்டே இருக்காது. பக்கவாதம் தாத்தாக்களின் நோய் என்ற நினைப்பும் நம் ஊரில் செல்லாது. பிரசவமான பெண்களுக்கு மூளைச் சிரை அடைத்து வலிப்பும் வாதமும் வந்ததைப் பற்றி மதுரையிலிருந்து கே. சீனிவாசன் 1983இல் எழுதினார்; கர்ப்பத்திலும் பேறுகாலத்திலும் பார்த்த 135 பேரின் தொகுப்பு அது. பேறுகாலத்தில் ரத்தம் இயல்பாகவே சீக்கிரம் உறையும். அதன்மேல் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று பத்தியம் வைத்தால் என்னாகும்? பாட்டிமார்கள் பாசத்தோடு செய்ததுதான். எனக்கு இன்றும் ஆறாத கோபம் அந்தப் பத்தியத்தின் மேல்.

ஆகவே 2020இல் வந்த அறிக்கைகளைப் பழக்கப்பட்ட கண்ணோடுதான் படித்தேன். சூரிச்சில், ஷாஃப்ஹவுசனிலிருந்து ஐம்பது கிலோமீட்டரில், குழாய்ச் சுவரின் உள்ளுறைச் செல்களில் வைரஸைக் கண்டதாக எழுதினார்கள். அது வைரஸே இல்லை என்று சிலர் மறுத்தார்கள். அந்த மறுப்பு வைரஸைப் பற்றியது, அழற்சியைப் பற்றியது அல்ல. கொரோனாவில் இறந்த ஏழு பேரின் நுரையீரலை இன்ஃப்ளுயன்சாவில் இறந்தவர்களுடையதோடு ஒப்பிட்டபோது, நுண்குழாய்க் கட்டிகள் ஒன்பது மடங்கு. மறுவருஷம் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மூளை நுண்குழாய்களுக்குள் மெகாகேரியோசைட்டுகளைக் கண்டார்கள். ரத்தத்தட்டுகளைப் பெற்றெடுக்கும் அந்தப் பெரிய செல்களுக்கு எலும்பு மஜ்ஜைதான் வீடு; மூளையில் அவற்றுக்கு வேலையே இல்லை. உள்சுவர் புண், உறையத் துடிக்கும் ரத்தம், வாரக்கணக்கில் படுக்கை. ஃபிர்ஷோ பெயரில் பாடப்புத்தகம் சொல்லும் மூன்று வழியும் சரியாக வந்தன.

2021 இரண்டாம் அலையில் தெருமுனையில் நின்றவர்கள்கூட "டி-டைமர் எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டார்கள். கட்டி கரையும்போது ரத்தத்தில் விழும் துணுக்கு அது. அந்த ஆகஸ்டில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தின் சோதனை முடிவுகள் வந்தன: மிதமாக நோயுற்றவர்களுக்கு முழு அளவு ஊசி உதவியது, தீவிர சிகிச்சைக்குப் போய்விட்டவர்களுக்கு உதவவில்லை. கட்டி இருக்கிறது என்பதைப் பிணவறை சொல்லும். எத்தனை யூனிட் போடுவது என்பதை உயிரோடு இருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

போபால் எய்ம்ஸ் போன்ற ஒருசில இடங்களைத் தவிர்த்தால், இந்தியாவில் அந்த இரண்டு வருஷமும் கொரோனா உடல்கள் பையை விட்டு வெளியே வரவில்லை. அதற்கு முன்பே எங்கள் மேசைகள் காலியாகிவிட்டன என்பதுதான் உண்மை. அரசு மருத்துவமனையில் இன்று போஸ்ட்மார்ட்டம் என்றால் போலீஸ் தாளோடு வரும் விபத்தும் தற்கொலையும்தான், அது சட்ட மருத்துவத் துறையின் வேலை. நோயில் இறந்தவரைத் திறக்க வீட்டாரின் சம்மதம் போதும். அதைக் கேட்கத்தான் வார்டில் யாருக்கும் நேரமில்லை, எங்கள் துறையிலும் பலருக்கு மனமில்லை.