மலைதான் விலாசம்!

உங்கள் வீட்டுப் பரணில் பழைய தகர டப்பா ஏதாவது கிடக்கிறதா? தாத்தா கொஞ்சம் வசதியானவராக இருந்து, மூவி கேமரா மீது ஆசைப்பட்டவராகவும் இருந்தால், உள்ளே ஒரு படச்சுருள் இருக்கலாம். 1923ல் 16 மி.மீ., 1932ல் அதைவிட மலிவாக 8 மி.மீ. என்று கோடாக் கம்பெனி, சினிமாவைக் குடும்பங்களின் கையிலேயே கொடுத்துவிட்டது.

ஓட்டிப் பார்க்கிறீர்கள். சத்தமில்லாத படம். மலைச்சரிவில் ஓர் ஓட்டு வீடு. வாசலில் குழந்தைகள். பாட்டி கேமராவைப் பார்த்து வெட்கப்படுகிறாள். 'தாம்பரம் பக்கம் எங்கேயோ...' என்பதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. அது எந்த வீடு?

நான் பி.காம். படித்தவன். வவுச்சர் இல்லாத கணக்கை நம்பமாட்டேன். வாங்க, ஒவ்வொன்றாக டிக் அடிப்போம்.

முதலில், படம் இடவலம் மாறி ஓடுகிறதா? சுருளைப் புரட்டி மாட்டினால் மலையும் புரண்டுவிடும்! கடை போர்டு எழுத்தைப் பாருங்கள். இல்லையா, முந்தானை எந்தத் தோளில் என்று பாருங்கள். பெரும்பாலும் இடது தோள்தான். (மடிசார் மாமி என்றால் அது வேறு கணக்கு!)

அடுத்து வருஷம். கோடாக் ஃபிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று குட்டிக் குறிகள் இருக்கும். ஃபிலிம் தயாரான ஆண்டின் ரகசியம் அது. ஒரு சிக்கல்... இருபது வருஷத்துக்கு ஒருமுறை அதே குறி திரும்ப வரும். 1928ஆ, 1948ஆ? பின்னணியில் தண்டவாளத்துக்கு மேலே மின்கம்பி தெரிந்தால் 1928 அவுட். பீச் - தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததே 1931ல்தான்!

இப்போது இடம். வீட்டை நம்பாதீர்கள். ஓடு போய் கான்க்ரீட் வந்திருக்கும். அதற்குப் பின்னால் தெரியும் மலைகளைப் பாருங்கள். பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம், பச்சைமலை என்று நம் ஏரியாவில் குன்றுகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு குன்று இன்னொன்றை எந்த இடத்தில் மறைக்கிறது என்று குறித்துக்கொண்டு தெருத்தெருவாக நடங்கள். கொஞ்சம் தள்ளி நின்றாலும் காட்சி பொருந்தாது. பொருந்துகிற இடம்தான் தாத்தா கேமராவோடு நின்ற இடம்.

இது புது வித்தை இல்லை. 1802ல் லாம்ப்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் வரை ஏழரை மைலுக்குச் சங்கிலி போட்டு அளந்தார். அந்தக் கோட்டில் தொடங்கி, குன்றுக்குக் குன்று கோணம் பார்த்துப் பார்த்து இந்தியாவை அளந்துகொண்டே போனார்கள். குன்று நகராது என்ற நம்பிக்கை!

நகரவில்லைதான். ஆனால், கரைந்துவிட்டது. திரிசூலத்திலும் பல்லாவரத்திலும் குவாரிக்காரர்கள் குன்றுகளைக் குடைந்து எடுத்துவிட்டார்கள். இந்தக் கல்லுக்குக் கிராக்கி இன்று நேற்று வந்ததல்ல. கல்கத்தாவில் ஜாப் சார்நாக்கின் கல்லறை மேல் கிடப்பதும் இதே வகைதான். அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், 1893ல் சார்னோக்கைட் என்று அவர் பெயரையே கல்லுக்கு வைத்தார். இங்கே மிஞ்சியது பள்ளங்கள். 2017 வறட்சியில், பக்கத்துச் சிக்கராயபுரத்தின் குவாரிக் குட்டைத் தண்ணீரைச் சுத்தம் செய்துதான் சென்னை குடித்தது.

ஆக, படத்தில் இருக்கும் மலை முகடு இன்று தரையில் இல்லாமலே இருக்கலாம். அப்படியென்றால் உங்கள் பாட்டிக்குப் பின்னால் பதிவாகியிருப்பது வெறும் பேக்கிரவுண்ட் இல்லை... காணாமல் போன ஒரு குன்றின் கடைசி போட்டோ! வீட்டைத் தேடிப் போனவர் கையில் ஒரு மலையே கிடைக்கிறது.

உடனே பரணில் ஏறுங்கள். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை குப்பென்று அடித்தால், ஃபிலிம் அழுக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பழைய புரொஜெக்டரில் ஓட்டிப் பிய்த்துவிடாமல், தெரிந்தவர்களிடம் கொடுத்து டிஜிட்டலாக மாற்றிவிடுங்கள். முக்கியமாக, வீட்டில் இருக்கும் மூத்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படத்தைப் போட்டுக்காட்டுங்கள். 'இது நம்ம கிணத்தடி ஆச்சே!' என்று அவர் சொல்லும் ஒரு வரிக்கு ஈடாக எந்த வவுச்சரும் கிடையாது.