அத்தைக்கு ஒரு ரிவால்வர்

ஆடித்தபசு முடிந்து சங்கரன்கோவில் ஓய்ந்து கிடந்த ஒரு மாலைப்பொழுதில் அத்தையைப் பார்க்கச் சென்றிருந்தேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, வயது எழுபத்தொன்று. மாமா காலமானபின் அந்தப் பெரிய வீட்டில் தனியாகவே இருக்கிறார். முந்தைய வாரம் அடுத்த தெருவில் பூட்டை உடைத்துத் திருடியிருந்தார்கள். செய்தியறிந்த அவருடைய மகன் டெக்சாஸிலிருந்து என்னை அழைத்து, "அம்மாவுக்கு ஒரு ரிவால்வர் வாங்கிக் கொடுக்க முடியுமா அத்தான்? எது தோதுப்படும் என்று விசாரித்துச் சொல்லுங்கள்" என்றான்.

இலக்கியம் கற்பிக்கும் எனக்குப் படைக்கலம் என்றால் புறநானூற்று வேலும் வாளுந்தான் தெரியும். ஆயினும் விசாரித்தேன். விசாரணை என்னைத் துப்பாக்கிக் கடைக்குக் கொண்டுசெல்லாமல் இருநூறாண்டு வரலாற்றுக்குள் கொண்டுபோய் விட்டது. அதையே இங்கு எழுதுகிறேன்.

சங்கரன்கோவிலுக்கு அருகில்தான் நெற்கட்டும்செவல். புலித்தேவரின் கோட்டைகளை 1761ஆம் ஆண்டு யூசுப்கான் கைப்பற்றினான். பிற்பாடு சிறைப்பட்ட புலித்தேவர், கோமதியம்மன் சந்நிதியில் வழிபட வேண்டி உள்ளே சென்று மறைந்துவிட்டார் என்பது எங்கள் ஊர் வழக்கு. கட்டபொம்மன் 1799 அக்டோபரில் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் பாஞ்சாலங்குறிச்சியும் மருதிருவரும் வீழ்ந்தபின், அவ்வாண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். பாளையங்களின் கோட்டைகள் தகர்க்கப்படும். ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும். மீறுவோர்க்கு மரண தண்டனை. அதுவரை வேலும் வெடியும் விவசாயக் கருவிகளைப் போல வீட்டோடு கிடந்த சீமை இது. ஆயுதங்கள் போனபின் ஊர்க்காவலும் மெல்ல மெல்ல அரசின் கைக்கு மாறியது. 1859ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்தில் இன்றைய வடிவிலான காவல்துறை உருவாயிற்று.

எழுதப்படாத ஓர் ஒப்பந்தத்தை இதில் காணலாம் என்று எனக்குத் தோன்றுகிறது: "உன் ஆயுதத்தைக் கொடு, உன்னை நான் காக்கிறேன்."

லிட்டன் பிரபுவின் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அந்த ஒப்பந்தத்தில் ஒரு நஞ்சைக் கலந்தது. இந்தியர் உரிமமின்றி ஆயுதம் வைத்திருக்கலாகாது. ஐரோப்பியருக்கோ விலக்கு உண்டு. தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே ஆண்டில் வந்தது தற்செயலன்று. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு ஆயுதச் சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் இயற்றியது. எங்கள் பக்கத்துச் செங்கோட்டையில் பிறந்த வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷைச் சுட்டது பிரௌனிங் கைத்துப்பாக்கியால். அவர் சுடப் பழகியது ஆங்கிலச் சட்டம் செல்லாத புதுச்சேரியில்.

விடுதலைக்குப் பின் என்ன ஆயிற்று? ஆயுதம் தாங்கும் உரிமையை 1931ஆம் ஆண்டுக் கராச்சித் தீர்மானத்தில் காங்கிரஸ் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்திருந்தது. அதைச் சுட்டிக்காட்டி 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். குற்றவாளிகளும் அவ்வுரிமையைக் கோருவார்கள் என்று கூறி அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. 1959இல் இயற்றப்பட்டு 1962இல் நடைமுறைக்கு வந்த சட்டம் நிறபேதத்தை நீக்கியது. உரிம முறையை வைத்துக்கொண்டது. ஆயுதம் இங்கு உரிமையாக இல்லை, அனுமதியாகவே நீடிக்கிறது.

இனி மைத்துனன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பெண்களுக்கென்றே விளம்பரப்படுத்தப்பட்ட துப்பாக்கி ஒன்று நம் நாட்டில் உண்டு. 2012 டிசம்பர் தில்லிக் கொடுமைக்குப்பின், கான்பூரிலுள்ள அரசுத் தொழிற்சாலை 2014 ஜனவரியில் அறிமுகப்படுத்திய 'நிர்பீக்' அது. அச்சமற்றவர் என்று பொருள். .32 அளவு, ஆறு குண்டுகள், எடை ஏறத்தாழ 500 கிராம், அன்றைய விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். நகைப்பெட்டி போன்றதொரு பேழையில் வைத்து விற்றார்கள். துப்பாக்கியையும் நகையாக்கினால்தான் பெண் வாங்குவாள் என்று யாரோ எண்ணியிருக்கிறார்கள்!

முதியவருக்கு ரிவால்வர் ஏற்றது என்பதற்குச் சொல்லப்படும் காரணம் அதன் எளிமை. பிஸ்டலைப் போல மேற்பாகத்தைப் பின்னிழுத்து குண்டேற்ற வேண்டியதில்லை. விசையை அழுத்தினால் போதும். ஆனால் அந்த விசை கனமானது. மூட்டுவாதம் கண்ட விரலுக்கு எளிதன்று. எடை குறைந்தால் தூக்க எளிது. சுடும்போது கையை உதைப்பதோ அதிகம். பெண்ணுக்கு ஏற்றதென்று கூறப்படும் இலேசுத்தன்மையே முதிய மணிக்கட்டுக்குப் பகையாகிறது.

அடுத்து உரிமம். மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பம், காவல்துறை அறிக்கை, மருத்துவச் சான்று, 2016ஆம் ஆண்டு விதிகளின்படி பயிற்சிச் சான்று. அதற்கும் மேலே, அதிகாரிகள் ஏற்கக்கூடிய அச்சுறுத்தல் ஒன்றைக் காட்ட வேண்டும். தனிமை அந்தப் பட்டியலில் வராது. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் காவல்நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள்.

இவ்வளவையும் அத்தையிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாரவன அங்ஙனயே நில்லுன்னு சொல்லிட்டு, நான் கண்ணாடியத் தேடி, சாவியத் தேடி, பீரோவத் தொறக்கணுமாக்கும்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. சற்றுப் பொறுத்து அவரே சொன்னார்: "கடையத்துல அந்தம்மா நாற்காலியத் தூக்கித்தான எறிஞ்சா?"

2019 ஆகஸ்டில் கடையத்தை அடுத்த கல்யாணிபுரத்தில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வாசலில் அமர்ந்திருந்த முதியவரின் கழுத்தைப் பின்னாலிருந்து ஒருவன் துண்டால் இறுக்கினான். கூட வந்தவன் கையிலும் அரிவாள். சத்தம் கேட்டு வெளியே வந்த மனைவி செருப்பையும் நாற்காலியையும் வீசி, கணவரோடு சேர்ந்து இருவரையும் விரட்டினார். கண்காணிப்புக் கேமராவில் பதிவான அக்காட்சியை நாடே பார்த்தது. சுதந்திர தினத்தன்று அரசு விருதும் கிடைத்தது. ஆனால் அந்த அம்மாளின் தங்கச் சங்கிலியைப் பறித்துக்கொண்டுதான் அவர்கள் ஓடினார்கள். வீரத்தைப் பாராட்டிய கைத்தட்டலில், அறுபதைக் கடந்த இருவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள நேர்ந்ததேன் என்ற கேள்வி அமுங்கிவிட்டது.

காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாட்டில் வாளேந்திக் களம் புகும் முதுமகளை ஆண்டுதோறும் வகுப்பில் பெருமிதத்துடன் நடத்துகிறேன். அவள் வாளெடுத்தது தன்னைக் காத்துக்கொள்ள அன்று. மகன் புறங்கொடுத்தானா என்று பிணங்களைப் புரட்டிப் பார்க்க. முதுமகள் கையில் ஆயுதம் இருப்பதை வியக்கிறோம். அவள் ஏன் தனியே களத்தில் நிற்கிறாள் என்று கேட்பதில்லை.

அத்தைக்கு ரிவால்வர் வாங்கவில்லை. வாசல் விளக்கும் இரும்புக் கிராதியும் போட்டோம். பக்கத்து வீட்டில் தறி ஓட்டும் குடும்பத்தோடு ஓர் ஏற்பாடு: இரவில் அத்தை அழைப்புமணியை அழுத்தினால் அங்கே ஒலிக்கும். இருநூறாண்டுகளுக்கு முன் இழந்த ஊர்க்காவலின் சிறு துண்டு என்று அதை எண்ணிக்கொள்கிறேன். மைத்துனனிடம் சொன்னேன். சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "பொங்கலுக்கு வருகிறேன் அத்தான்" என்றான். அத்தையிடம் சொன்னபோது, அவர் முதலில் கேட்டது எத்தனை நாள் இருப்பான் என்பதைத்தான்.