ஃபாரடேயை வளர்த்த புத்தகக் கடைக்காரர்

புதுக்கோட்டையில் எங்கள் கல்லூரி மாணவர்களின் செய்முறைப் பதிவேடுகளையும், கிழிந்துபோன பழைய நூல்களையும் தைத்து அட்டை போட்டுத் தரும் பைண்டர் ஒருவர் இருக்கிறார். சென்ற ஆண்டு நான் போனபோது, கடைப் பையன் தைக்க வேண்டிய நூலை மடியில் விரித்து அதிலேயே மூழ்கியிருந்தான். நான் அவசரப்படுத்தினேன். "படிக்கட்டும் சார், நாளைக்கு வந்து வாங்கிக்கங்க" என்றார் பைண்டர். அப்போது எனக்குக் கோபந்தான் வந்தது. வீடு திரும்பும் வழியில்தான் ஜார்ஜ் ரீபோவின் நினைவு வந்தது.

மைக்கேல் ஃபாரடேயை அறியாத இயற்பியல் மாணவர் இல்லை. 1831ஆம் ஆண்டில் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்து, இன்றைய மின்னாக்கிகளுக்கெல்லாம் வித்திட்டவர் அவர். அவரைக் கண்டெடுத்தவர் சர் ஹம்ஃப்ரி டேவி என்று வகுப்பில் சொல்கிறோம். ஆனால் டேவியின் கண்ணில் படுவதற்கு முன் எட்டு ஆண்டுகள் அவரைத் தம் கூரையின்கீழ் வைத்திருந்தவரைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

ரீபோ, லண்டன் பிளாண்ட்ஃபோர்டு தெருவில் புத்தகம் விற்றும் கட்டியும் பிழைத்தவர். 1804இல் கொல்லர் ஒருவரின் மகனான ஃபாரடே, தம் பதின்மூன்றாம் வயதில் அங்கே எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அக்காலத்தில் செய்தித்தாள் விலை மிகுந்த பொருள். ஒரே தாளைப் பல வீட்டார் முறைவைத்து வாடகைக்குப் படிப்பார்கள். அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, மீண்டும் வாங்கி வருவதே பையனின் வேலை. 1805 அக்டோபரில் அவரை ஏழாண்டுப் பயிற்சிக்கு ரீபோ சேர்த்துக்கொண்டார். தொழில் கற்கும் பையனின் பெற்றோர் முதலாளிக்குப் பணம் கட்டுவது அந்நாள் வழக்கம். பையனின் நேர்மையான உழைப்பைக் கருதி அந்தப் பணம் வேண்டாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் செய்தார் ரீபோ.

பணத்தை விட்டுக்கொடுத்ததைக் காட்டிலும் பெரியது, படிக்க விட்டது. கட்டுவதற்கு வந்த பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய நெடுங்கட்டுரையை ஃபாரடே படித்தார். ஜேன் மார்செட் அம்மையார் உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் நூலையும் படித்தார். படித்ததைச் செய்துபார்க்காமல் நம்புவது அவர் வழக்கமில்லை. பழைய சாமான் கடைக் கண்ணாடிக் குப்பியைக் கொண்டு நிலைமின் பொறி ஒன்றைச் செய்தார். காகிதமும் பசையும் நெருப்பும் உள்ள கடையில் இதற்கெல்லாம் இடம் கொடுக்க எத்தனை முதலாளிகள் துணிவார்கள்? நான் துணிந்திருப்பேன் என்று சொல்லமாட்டேன்.

1812 ஜூலையில், பயிற்சி முடியும் தறுவாயில், ஃபாரடே நண்பர் அபட்டுக்கு எழுதிய கடிதத்தில் தாமே செய்த மின்கல அடுக்கை விவரிக்கிறார். ஏழு துத்தநாகத் தகடுகள், ஏழு செப்பு அரைப்பென்னி நாணயங்கள், இடையிடையே உப்புநீரில் நனைத்த காகிதம். காகிதங்களை ஏழு என்று சொல்லவந்து, இல்லை ஆறுதான் என்று தம்மையே திருத்திக்கொள்கிறார்! மாணவர்கள் கவனிக்க வேண்டும்: காகிதங்களின் எண்ணிக்கையே கலங்களின் எண்ணிக்கை. ஒரு கலத்துக்கு ஏறத்தாழ முக்கால் வோல்ட் என்றால், ஆறுக்கு நாலரை வோல்ட் அளவில் கிடைக்கும். மெக்னீசியம் சல்பேட்டுக் கரைசலில் மின்பகுப்பு நிகழ்த்த அது போதும். அதைத்தான் அவர் செய்தார். நம் மாணவர்களும் செய்யலாம். ஆனால் இன்றைய நம் நாணயங்களில் பல துருவேறா எஃகு. செப்புத் தகட்டை வெட்டிக்கொள்ளுங்கள். துத்தநாகத்துக்குத் தகடாகவே வாங்குவது நல்லது.

கடைக்கு மேல் மாடியில் மாஸ்கெரியர் என்ற ஓவியர் குடியிருந்தார். அவருடைய அறையைத் துப்புரவு செய்து, காலணிகளுக்கு மெருகிட்டு, பதிலுக்கு ஓவியம் கற்றார் ஃபாரடே. வெள்ளி வேலை செய்யும் டேட்டம் என்பவர் மாலை வேளைகளில் தம் வீட்டில் அறிவியல் சொற்பொழிவு நிகழ்த்துவார். கட்டணம் ஒரு ஷில்லிங். 1810 முதல் ரீபோவின் இசைவுடன் ஃபாரடே அங்கே போய்வந்தார். ஷில்லிங்கைக் கொடுத்தவர் கொல்லுத் தொழில் செய்த அண்ணன் ராபர்ட்.

அந்தச் சொற்பொழிவுக் குறிப்புகளைப் பையன் படங்களுடன் எழுதிவைத்தான். அவற்றை வாடிக்கையாளர் டான்ஸ் என்பவரிடம் எடுத்துக் காட்டினார் ரீபோ. அவர் தம் தந்தையிடம் காட்டினார். தந்தை வில்லியம் டான்ஸ் இசைக் கலைஞர். ராயல் இன்ஸ்டிடியூஷன் உறுப்பினர். டேவியின் சொற்பொழிவுகளுக்கு நுழைவுச்சீட்டுக் கொடுத்தவர் அவரே. 1812இல் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்ட ஃபாரடே, அக்குறிப்புகளைத் தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். கட்டத் தெரிந்ததும் அந்தக் கடையில்தான். புத்தகத் தொழிலையே விட்டுவிடாதே என்று முதலில் புத்தி சொன்ன டேவி, 1813 மார்ச்சில் வாரம் 25 ஷில்லிங் சம்பளத்தில் அவரை உதவியாளராக அமர்த்தச் செய்தார்.

ரீபோவிடம் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் அறிவியலுக்குப் போய்விடவில்லை. சில காலம் அங்கிருந்த வில்லியம் ஆக்ஸ்பெரி, லண்டன் நாடக மேடையில் பெயர்பெற்ற நகைச்சுவை நடிகரானார். ரீபோ யாரையும் விஞ்ஞானியாக்கக் கிளம்பியவர் அல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அவரவர் விருப்பத்தின் குறுக்கே நிற்காதவர், அவ்வளவே.

பிளாண்ட்ஃபோர்டு தெருவின் அந்த வீட்டில் 1876இல் ஒரு நினைவுப் பலகை பதித்தார்கள். அறிவியலாளர் ஃபாரடே இங்கே தொழில் பயின்றார் என்கிறது அது. யாரிடம் என்பது அதில் இல்லை. ஆனால் டேட்டத்தின் சொற்பொழிவுகளை ஃபாரடே நான்கு தொகுதிகளாகக் கட்டினாரே, அவற்றில் சமர்ப்பண உரை இருக்கிறது. அறிவியலில் தமக்கு நாட்டம் பிறந்தபோது அதைப் பேணியதற்கு நன்றி கூறி, ரீபோ அவர்களுக்கு என்று இளம் வயதிலேயே எழுதிவைத்திருக்கிறார்.