எங்களை அளந்த கோல்

முதுகலைத் தமிழ் முடித்து ஆய்வுப் பட்டத்துக்குப் போனபோது என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "உங்க ஆய்வு நெறிமுறை என்ன?" என்பது. கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சேரிகளில் படியாளாகக் கிடந்த கிழவன், கிழவிகளின் பேச்சைத் தொகுக்கப் போகிறேன் என்றேன். "அது சரி, தரவு எங்க?" என்றார் எதிரில் இருந்தவர். ஆண்டை வீட்டுக் களத்தில் எங்க ஆயா கொட்டிய உழைப்பு தரவில் சேராதாம். கருதுகோள் வேணுமாம், மாதிரி எடுக்கணுமாம். எல்லாத்துக்கும் மேலே, ஆய்வாளர் 'விலகி நின்று' பார்க்கணுமாம். எங்களை ஊரே விலகி நின்றுதானே பார்த்தது! அந்தப் பக்கம் அப்புறம் நான் போகவில்லை. கேள்வி மட்டும் என்னை விடவில்லை. இதுவரை நம்மைப் பற்றி எழுதியவர்கள் என்ன நெறிமுறையோடு வந்தார்கள் என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் கையில் கிடைத்தவர் எட்கர் தர்ஸ்டன். 1885இல் சென்னை அருங்காட்சியகத்துக்குக் கண்காணிப்பாளராக வந்தவர். முத்துக் குளிப்பு, சங்குக் குளிப்பு பற்றி எழுதிய அதே கைதான் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகள் போட்டது. இடுக்கி போன்ற கருவியை வைத்துக்கொண்டு ஆட்களின் மண்டையை, மூக்கை அளந்தார். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் 'மூக்குச் சுட்டெண்'. மூக்கு அகலமாக அகலமாகச் சாதியும் கீழே இறங்கும் என்று வடக்கே ரிஸ்லி என்ற அதிகாரி சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. வயநாட்டில் இவரைக் கண்ட பணியர் பெண்கள், தங்களில் நல்லதாகப் பார்த்துப் பிடித்துப் பாடம் பண்ணி அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவார் என்று பயந்து ஓடினார்களாம். இதைத் தர்ஸ்டனே வேடிக்கை போல எழுதி வைத்திருக்கிறார். எனக்கென்னவோ, அந்த ஆய்வுமுறை பற்றி எழுதப்பட்டதில் மிகச் சரியான விமர்சனம் அந்த ஓட்டம்தான் என்று படுகிறது.

கல்வராயன் மலையும் இந்த எழுத்துக்குள் வந்தது. 1906இல் பிரான்சிஸ் எழுதிய தென்னார்க்காடு கெசட்டியரில் சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகிர்கள் வருகின்றன. மலையாளிகள் காஞ்சிபுரத்திலிருந்து வந்த கதையும் வருகிறது. ஜாகிர்தாருக்கு ஊழியம் செய்த ஆளின் வாய் மட்டும் அதில் திறக்கவேயில்லை.

அடுத்து வந்தது பொருளாதாரம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், கேள்விப் பட்டியல் ஒன்றைத் தயார் செய்து மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். எங்களுக்குக் கிழக்கே திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் உள்ள இருவேல்பட்டு 1916இல் அப்படித்தான் பதிவானது. ஸ்லேட்டரின் நூல் 1918இல் வந்தது. தர்ஸ்டனைவிட இது எவ்வளவோ மேல். இங்கே மூக்கு இல்லை. நிலம், கூலி, கடன் இருந்தது. ஆனால் 1916இல் கல்லூரிக்குப் போன பிள்ளை எந்தத் தெருவுப் பிள்ளை? சேரியின் கடனை அவன் சேரிக்குள் போய்க் கேட்டானா, ஆண்டை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டானா? படியாளின் கடன் ஆண்டை வாயில் ஒரு தொகை. படியாள் வாயில் வேறொரு தொகை. கேள்விப் பட்டியல் ஒன்றுதான், கேட்ட இடம் மாறினால் விடை மாறிவிடும். நல்லவேளை, அந்த ஊரை அதோடு விடவில்லை. 1930களிலும், 1961, 1981, 2008 ஆண்டுகளிலும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். பெரிய நிலக்கிழார் குடும்பத்தின் பிடி தளர்ந்து உடைந்த கதை அப்படித்தான் வெளியே வந்தது. ஒரு தடவை போய் எழுதியதோடு விட்டிருந்தால் இந்த மாற்றம் காகிதத்துக்கே வந்திருக்காது.

அதே 1916, மே மாதம். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக மானிடவியல் கருத்தரங்கில் இருபத்தைந்து வயது அம்பேத்கர் 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையை வாசிக்கிறார். அளக்கப்பட வேண்டியவன் என்று கருதப்பட்டவன் எழுந்து நின்று அளக்கிறான். 1948இல் வந்த 'தீண்டப்படாதார்' நூலில் அவர் செய்த வேலை இன்னும் கூர்மையானது. அதே மூக்கு அளவுகளை எடுத்துக்கொண்டார். இந்த அளவு இனத்தைக் காட்டும் என்று நீங்கள் நம்பினால், பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் ஒரே இனம் என்றல்லவா கணக்கு வருகிறது என்று கேட்டார். அவன் கோலாலேயே அவனை அளந்துவிட்டார். ஆதாரச் சங்கிலி அறுந்த இடத்தில் என்ன செய்வது என்றும் அந்த நூலின் முன்னுரையில் பேசுகிறார். கண்ணி விட்டுப்போனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை, கற்பனையையும் கருதுகோளையும் கொண்டு பாலம் போடலாம் என்பது அவர் வாதம். ஏடும் கல்வெட்டும் மறுக்கப்பட்டவர்கள் வரலாறு எழுத வேறு வழி என்ன இருக்கிறது?

வாய்மொழியை நம்ப முடியாது என்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்க ஆயாவுக்கு ஆங்கில வருசம் தெரியாது. "கோமுகி டேம் கட்டுனப்ப உங்கப்பன ஆண்டை வூட்ல மாடு மேய்க்க வுட்டேன்" என்பாள். கோமுகி அணை வேலை நடந்தது 1960களில். அப்பாவின் வயதோடு வைத்துப் பார்த்தால் கணக்கு பிசகாமல் நிற்கிறது. காகிதத்தைக் காகிதத்தோடு ஒத்துப் பார்க்கிற மாதிரி பேச்சையும் ஒத்துப் பார்க்கலாம்.

இந்தத் தெம்பில்தான் மலைக்குப் போனேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகு, கல்வராயன் மலை என்றாலே சாராய மலை என்று ஆகியிருந்தது. வெள்ளிமலை தாண்டி ஒரு ஊரில் பெரியவர் ஒருவர் என் நோட்டைப் பார்த்ததும், "சாராயம் பத்திக் கேக்க வந்தியா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. தர்ஸ்டனின் இடுக்கி என் கையில் இருக்கிற மாதிரி ஒரு கூச்சம். இல்லீங்க, ஜாகிர் காலம் பத்தி என்றேன். "மொதல்ல நீ யாரு? உங்கப்பன் என்னா வேல பாத்தான்?" அவர்தான் ஆய்வாளர், நான்தான் தரவு. படியாளு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, உட்காரச் சொன்னார்.

மலையை அரசாங்கம் எடுத்துக்கொண்ட 1976ஐ அவர் 'மலை சர்க்காருக்குப் போன வருசம்' என்றார். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே வருசம்தான். அந்தச் சட்டத்தின் பேரை அவர் கேள்விப்பட்டதேயில்லை. ஜாகிர்தாருக்குச் செய்த வேலைகளை விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே போனார். பொழுது சாய்ந்தது. கிளம்பும்போது, எழுதியதைப் படிச்சுக் காட்டு என்றார். படித்தேன். இரண்டு இடத்தில் நிறுத்தினார். ஒன்று, ஒரு ஓடையின் பெயர். இன்னொன்று, நான் 'அடிமை' என்று எழுதியிருந்த இடம்.

"ஊழியம்னு போடு தம்பி. அடிமைன்னு நீங்க கீழ்நாட்டுல சொல்றது."

அடித்துவிட்டு மாற்றி எழுதினேன்.