ஒட்டடை: கூரையில் படிந்த வரலாறு

தமிழில் ஒட்டடைக்கு ஒரு வரலாறு எழுதினால் அதன் முதல் பக்கத்தில் ஒரு யானை நிற்கும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், கோச்செங்கட் சோழ நாயனாரின் கதையில் வருகிற யானை அது. திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தடியில் சிவலிங்கம். மேலே சருகு உதிராமல் இருக்க ஒரு சிலந்தி நூல் இழைத்து மேற்கட்டி கட்டுகிறது. பூசைக்கு வரும் யானை அதை அழுக்கு என்று நினைத்துப் பிய்த்துப் போடுகிறது. சண்டை முற்றி இரண்டும் சாகின்றன. சிலந்தி மறுபிறவியில் சோழ அரசனாகி, யானை ஏற முடியாத மாடக்கோயில்களைக் கட்டியது என்கிறது மரபு.

பக்திக் கதைதான். ஆனால் தலைக்கு மேல் இருப்பது பந்தலா, குப்பையா என்கிற சண்டை நம் வீடுகளிலும் ரொம்ப காலம் நடந்திருக்கிறது.

விறகடுப்பு எரிந்த ஓலை வீட்டில் கூரைக்கரி முழுக்கக் குப்பை அல்ல. புகை மேலேறி ஓலையிலும் மூங்கிலிலும் படிந்தால் பூச்சி அண்டாது. விதைக்கு எடுத்து வைத்த கதிரை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டதும் அதனால்தான். ஓலை வழியாகவும் நாட்டு ஓட்டின் இடுக்கு வழியாகவும் புகை மெதுவாகக் கசிந்து வெளியே போய்விடும். தளம் போட்ட வீடு வந்தபோது அந்த இடுக்கு அடைபட்டது. சுவரில் நாலு ஓட்டை விட்டால் உண்டு, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. அடுப்பு மாறவில்லை, கூரை மட்டும் மாறியது. பழைய சிஸ்டத்தில் ஒரு பாகத்தை மட்டும் புதுசாக்கினால் என்ன ஆகும் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

சமையலறை மூலையில் கறுப்பு நூலாகத் தொங்குவது எல்லாம் சிலந்தி கட்டியதும் அல்ல. சூடான புகை மேலேறி, கூரைக்குப் பக்கத்தில் குளிர்ந்து, கரித்துகளை விட்டுவிடுகிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சங்கிலியாக நீளும். பார்த்தால் சிலந்தி வலை மாதிரியே இருக்கும், ஆனால் நெய்தது அடுப்பு. நிஜமான வலை இருந்தால் அதிலும் கரி ஏறும். எங்கள் மொழியில் சொன்னால் கூரை என்பது ஒரு லாக் ஃபைல். கீழே என்ன எரிந்தது, எவ்வளவு எரிந்தது என்று தேதி மட்டும் போடாமல் அது பதிந்துகொண்டே இருக்கும்.

அந்தப் பதிவை வருஷத்துக்கு ஒருமுறை அழிக்கிற நாள் போகி. போகிக்கு முந்தைய வாரமே நீளக் கம்பின் நுனியில் துடைப்பத்தைக் கட்டி ஒட்டடை அடிப்பார்கள். தலையில் துண்டு, மூக்கில் துணி, தரையெல்லாம் கரி. அப்புறம் சுண்ணாம்பு. பொங்கலன்று வீடு பளிச்சென்று இருக்கும். ‘மேல பாரு, இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு’ என்பார்கள். மேலே பார்ப்பது சரி. ஆனால் கூரையை எட்டுவதற்கு முன்பே அந்தப் புகை ஒருவரைத் தாண்டித்தான் போயிருக்கிறது. அடுப்பு முன்னால் குந்தி, ஊதாங்குழலால் ஊதிக்கொண்டிருந்தவரைத் தாண்டி. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம். நுரையீரலுக்குப் போகி கிடையாது.

இதைப் பொறியியல் சிக்கலாகப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக் கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு. ‘ஸ்மோக்லெஸ் கிச்சன்ஸ் ஃபார் த மில்லியன்ஸ்’ என்ற அவருடைய சின்னப் புத்தகம் 1953இல் சென்னையில் அச்சானது. களிமண்ணால் கட்டிய அடுப்பு, ஒரே தீயில் ஒன்றுக்கு மேற்பட்ட பாத்திரம், புகையைக் கூரைக்கு மேலே கொண்டுபோகிற குழாய். எளிமையான, அழகான வடிவமைப்பு. 1983இல் மத்திய அரசு மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கென்றே ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. பல ஊர்களில் அந்த அடுப்புகள் நீடிக்கவில்லை. காரணங்களில் ஒன்று, நாம் பேசிக்கொண்டிருக்கும் இதே விஷயம்தான். குழாய்க்குள்ளும் கரி படியும். கூரைமேல் ஏறி அதைத் தட்டிவிட வேண்டும். தட்டாவிட்டால் புகை திரும்பி வீட்டுக்குள்ளேயே வரும். சமைப்பவர் ஒருவர், ஏணி ஏற வேண்டியவர் இன்னொருவர். அவர் ஏறவில்லை என்றால் இருமல் யாருக்கு?

அதே 1983இல் கர்க் ஸ்மித்தும் அவருடைய சக ஆய்வாளர்களும் குஜராத்தின் நான்கு கிராமங்களில் செய்த ஆய்வு வெளியானது. கூரையை விட்டுவிட்டு, சமைக்கிற பெண்களின் உடம்பிலேயே மாதிரி எடுக்கும் கருவியைப் பொருத்தி அளந்தார்கள். சமைக்கும் நேரத்தில் ஒரு கனமீட்டர் காற்றில் சராசரியாக 7 மில்லிகிராமை ஒட்டித் துகள்கள் இருந்தன. பிறகு கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழகத்தின் நான்கு மாவட்டங்களில் நானூறுக்கும் மேற்பட்ட கிராமத்து வீடுகளில் அளந்து 2002இல் வெளியிட்டார்கள். என்ன எரிபொருள், எப்படிப்பட்ட சமையலறை, அடுப்புக்கு எவ்வளவு பக்கத்தில் ஆள் என்பதையெல்லாம் பொறுத்து அளவு மாறியது. உச்சத்தில் இருந்தவர்கள் விறகு போன்றவற்றை எரித்துச் சமைத்தவர்கள். கூரை காலங்காலமாகக் கறுப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் எண்ணாக மாறியது.

2006 தேர்தலுக்குப் பிறகு தமிழகத்தில் இலவச எரிவாயு அடுப்பு வந்தது. 2016இல் நாடு முழுக்க உஜ்வலா திட்டம். கரி குறைந்த வீடுகளில் ஒட்டடைக் கம்புக்கு வேலை போய்விடவில்லை, இடம் மாறியது. இப்போது அழுக்கு மின்விசிறியில். அவ்வளவு வேகமாகச் சுற்றுகிற இறக்கையில் தூசு எப்படி உட்காருகிறது? 1904இல் லுட்விக் பிராண்டல் சொன்ன எல்லைப் படலம்தான் விடை. இறக்கையை ஒட்டியிருக்கும் மெல்லிய காற்று அதோடு சேர்ந்தே சுற்றுகிறது. அங்கே போய் ஒட்டிய நுண்துகளை அடித்துத் தள்ளக் காற்று இல்லை. தாளிக்கிற எண்ணெய்ப் புகையும் சேர்ந்தால் அது பசையாகிவிடும். ட்யூப்லைட்டின் மேல் விரல் வைத்தால் ஒட்டுவதும் இந்தப் பசைதான். போகி வரை அது காத்திருக்காது, மாதம் ஒருமுறை ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். ஏறுவது பெரும்பாலும் வீட்டுப் பெண், அல்லது வீட்டு வேலைக்கு வரும் அக்கா. ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

வசதியான வீடுகளில் அடுப்புக்கு மேலேயே சிம்னி. அதன் வடிகட்டியைக் கழற்றினால் பழுப்பாக, பிசுபிசுப்பாக ஒரு படிவு. சலிப்போடுதான் கழுவுகிறோம். ஆனால் சமைப்பவர் மூச்சுக்குள் போயிருக்க வேண்டியதில் ஒரு பங்கு அது. சிலிண்டர் தீர்ந்து, அடுத்தது வாங்கக் காசில்லாத வீட்டில் விறகு மறுபடி எரிகிறது, கூரையும் மறுபடி எழுதத் தொடங்குகிறது. அப்படி ஒரு வீட்டுக்குப் போனால் மேலே தொங்குகிற கறுப்பு நூலைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பவர் எத்தனை வருஷமாக இருமுகிறார் என்று கேளுங்கள்.