பிளாச்சிமடை: நிலமற்றோரின் நீர்ப் போராட்டம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டம், பெருமாட்டி ஊராட்சியைச் சேர்ந்த பிளாச்சிமடையில் கொக்கோ கோலா நிறுவனத்தின் ஆலை 2000இல் இயங்கத் தொடங்கியது. அதனைச் சூழ்ந்த குடியிருப்புகளில் எரவாளர், மலசர் ஆகிய பழங்குடியினர் மிகுதி. அவர்தம் பேச்சு தமிழ் கலந்தது. ஆலையின் ஆழ்துளைக் கிணறுகள் நீரை உறிஞ்ச, அண்டைக் கிணறுகள் வற்றின. எஞ்சிய நீர் குடிக்கவும் சமைக்கவும் உதவாதாயிற்று. 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலில் அறப்போராட்டம் தொடங்கியது. எரவாளர் குலத்து மயிலம்மா அதன் முகமாக விளங்கினார்.

பன்னாட்டு மூலதனத்துக்கு எதிரான கிளர்ச்சியாகவே இது பெரிதும் எழுதப்பட்டுள்ளது. அது பிழையன்று, ஆயினும் பாதிக் கதையே. போராட்டத்தைத் தொடங்கிவைத்தவர் சி. கே. ஜானு. சில திங்களுக்கு முன்னர், 2001இல், திருவனந்தபுரத்தில் குடில் கட்டிப் போராடி, நிலமற்ற பழங்குடிக் குடும்பங்களுக்கு நிலம் வழங்க அரசை உடன்படச் செய்தவர் அவர். பறிபோன பழங்குடி நிலங்களை மீட்டளிக்க 1975இல் இயற்றப்பட்ட சட்டம் அதுவரை ஏட்டளவிலேயே கிடந்தது. நிலம் கேட்ட இயக்கமே நீரும் கேட்டது எனல் பொருந்தும்.

இவ்வுறவு தற்செயலானதன்று. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, நிலத்தடி நீரை எடுக்கும் உரிமை நிலவுடைமையாளருக்குரியது. நிலமற்றவனுக்குத் தன் குடிசைக்கடியில் ஓடும் நீரிலும் உரிமையில்லை. ஏக்கர்க் கணக்கில் நிலம் வாங்கிய ஆலைக்கோ எல்லையில்லை. 2003இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தபோது எழுந்த வழக்கின் மையமும் இதுவே. அவ்வாண்டு டிசம்பர் 16இல் கேரள உயர்நீதிமன்றத் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்களின் பொதுச்சொத்து, அரசு அதன் காப்பாளரே என்று தீர்ப்பளித்தார். 2005இல் இருவர் அமர்வு நிலவுடைமையாளரின் உரிமையை மீண்டும் முன்னிறுத்தி, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்க இசைந்தது. ஆலையோ 2004 மார்ச்சிலேயே நின்றுவிட்டிருந்தது.

மயிலம்மா 2007இல் மறைந்தார். 2010இல் அரசின் உயர்நிலைக் குழு இழப்பை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. அதனைப் பெற்றுத்தரும் தீர்ப்பாயத்துக்கான மசோதாவைக் கேரளச் சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிடைக்கவில்லை.